மூணாம் திட்டு

கேட்கக் காது இருந்து, சொல்ல வாயும் இருந்த ஒரு காலத்திலே ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஓர் ஆறு இருந்தது. ஆறு போய்க் கடலில் விழுகிற இடத்தில் ஒரு கழிமுகம் இருந்தது. கழிமுகத்தைப் பார்த்தபடி ஒரு கல்லூரி, கல்லூரிக்கு ஒரு மாடி, மாடியில் ஒரு மேசை, மேசையின் முன்னால் ஒரு பெண் இருந்தாள்.

அவள் பெயர் விண்ணரசி. அவள் மட்டிகளை ஆராய்ச்சி செய்தாள். மட்டி என்றால் சேற்றுக்குள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிற ஓட்டுப் பிராணி. ஊர்க்காரர்கள் அதை அவித்துத் தின்பார்கள், அவள் அதை அளந்து எழுதுவாள். கழிமுகத்தில் பெரிய திட்டு, சின்னத் திட்டு என்று இரண்டு மணல்திட்டுகள் உண்டு. இரண்டிலும் இடுப்பளவு சேற்றில் இறங்கி, வெயிலில் தோல் உரிந்து, ஒவ்வொரு மட்டியாக எடுத்து நீளம் அகலம் எடை பார்த்து, தண்ணீரின் உப்பும் சூடும் பார்த்து, பொய் கலக்காமல் ஒரு கட்டுரை எழுதி, கடல் தாண்டி இருக்கிற ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர், பெயரும் முகமும் தெரியாத ஒருவர், இரண்டு இடத்தை வைத்துக்கொண்டு ஒரு கழிமுகத்தைப் பற்றிப் பேச முடியாது, மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அப்போது மழைக்காலம். படகுக்காரர் கலியமூர்த்தியின் எஞ்சின் பழுதாகிக் கரையில் கிடந்தது. கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்காணல் நெருங்கிவிட்டது. அச்சில் வந்த கட்டுரை இல்லாதவர்கள் வரவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். விண்ணரசி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து மூன்றாவது இடத்தைச் செய்தாள்.

வரைபடத்தில் துடுப்புக்கும் தரை எட்டாத ஆழத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். நீர் வற்றும்போது வெளியே தெரியும் இடம், சேறு கலந்த மணல் என்று எழுதினாள். படகு ஏது என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, கரையிலிருந்து நடந்தே போகலாம் என்றும் சேர்த்தாள். எண்களைத்தான் செய்ய முடியவில்லை. மனதிலிருந்து எடுக்கிற எண்ணெல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலாக வந்தன. கைப்பையில் கசங்கிக் கிடந்த பஸ் டிக்கெட்டுகளை எடுத்து விரித்து, அவற்றின் கடைசி இலக்கங்களை வைத்து மட்டிகளுக்கு நீளம் கொடுத்தாள். அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் மனிதத் தலையீடு என்று ஒரு தலைப்பு இருந்தது. பெரிய திட்டுக்கும் சின்னத் திட்டுக்கும் ‘மிகுதி’ என்று போட்டிருந்தாள். மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று போட்டாள். யாருமே போகாத இடம்தானே, அந்த வரிசையிலேயே அது ஒன்றுதான் பொய்யில்லை என்று ஒரு சின்ன ஆறுதல்கூட அவளுக்கு இருந்தது.

துறைத்தலைவர் சபாநாயகம் கட்டுரையை வாங்கிப் புரட்டினார். “டேபிள் அழகா வந்திருக்கும்மா” என்றார். அந்தத் துறையில் யார் எதை எழுதினாலும் முதல் பெயர் சபாநாயகம் சாருடையது. பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி அதை எல்லாரும் போட்டுவிட்டுத்தான் எழுதவே ஆரம்பிப்பார்கள்.

கட்டுரை வெளிவந்த அன்று காலை, எஞ்சினைச் சரிபண்ணிக்கொண்டு முதல் தடவையாகத் தொழிலுக்குக் கிளம்பிய கலியமூர்த்தியின் படகு, ஆழத்தின் நடுவில் மண்ணில் ஏறி நின்றது.

“எவன்டா இங்க மண்ணைக் கொட்டினது?” என்று கலியமூர்த்தி கடலைப் பார்த்துக் கத்தினார். கடல் பதில் சொல்லவில்லை. இறங்கிப் பார்த்தார். சேறு கலந்த மணல். கையைவிட்டுத் துழாவினார். மட்டி. இன்னும் துழாவினார். இன்னும் மட்டி. லுங்கியை அவிழ்த்து மூட்டை கட்டிக்கொண்டு அரைக்கால் சட்டையோடு கரைக்கு நடந்தே வந்தார். கரைக்கும் அதற்கும் நடுவில் முழங்கால் ஆழத்தில் ஒரு பாதை இருந்ததை அவர் பாதி வழி வந்த பிறகுதான் கவனித்தார்.

கலியமூர்த்தியின் ஊரான சோழிக்குப்பம் இதைப் பெரிதுபடுத்தவில்லை. கடல் என்று இருந்தால் கொடுக்கும், எடுக்கும். போன வருஷம் ஒரு தெருவையே எடுத்தது, இந்த வருஷம் ஒரு திட்டைக் கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே இரண்டு இருந்ததால் இதற்கு மூணாம் திட்டு என்று பெயர் விழுந்தது. பெண்கள் முறை வைத்துக்கொண்டு போனார்கள், இன்றைக்கு வடக்குத் தெரு, நாளைக்குத் தெற்குத் தெரு என்று. மூணாம் திட்டு மட்டி நேற்றுக்கு இன்றைக்கு மாறாது, சிறிசு பெரிசு எல்லாம் தினமும் ஒரே கணக்கு. மண் நெறநெறக்காது. ஆற்றில் வெள்ளம் வந்து ஊரெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடினாலும் திட்டைச் சுற்றி மட்டும் தண்ணீர் அதே உப்பு, அதே சூடு. அள்ள அள்ள மறுநாள் அதே அளவு இருந்தது. சந்தையில் மற்ற ஊர் மட்டிக்காரிகள் இவர்களைப் பார்த்து, “உங்க கடல் என்னடி, அச்சு வார்த்துக் குடுக்குதா?” என்று கேட்டார்கள். “ஆமாண்டி, உங்க கடலு கையால உருட்டுது” என்று இவர்கள் சொன்னார்கள்.

ஒரு குணம் மட்டும் அந்தத் திட்டுக்கு இருந்தது. அதில் மனுஷ அடையாளம் தங்காது. நடந்தால் தடம் உடனே மூடிக்கொள்ளும். பீடித்துண்டைப் போட்டால் அடுத்த மூச்சுக்குள் காணாமல் போகும். டீ போடலாம் என்று மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினால், சாம்பலும் கல்லும் கரியும் கரைந்து, டீ மட்டும் கையில் இருக்கும். திட்டு சுத்தம் பார்க்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் போனார்கள், வெற்றிலை துப்புவதை அடக்கிக்கொண்டார்கள், திட்டும்போதுகூட மூணாம் திட்டில் நின்று கெட்ட வார்த்தை பேசாமல், கரைக்கு வந்து பேசினார்கள்.

விண்ணரசிக்கு வேலை கிடைத்தது. துறையில் லட்டு கொடுத்தார்கள். திட்டு முளைத்த சேதி காதில் விழுந்து, நம்பாமல், கலியமூர்த்தியிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் அளவுக் கருவியோடு அந்தப் பாதையில் நடந்து போனாள். குனிந்து முதல் மட்டியை எடுத்து அளந்தாள். முதல் டிக்கெட். இரண்டாவதை அளந்தாள். இரண்டாவது டிக்கெட். அவளுக்கு ஞாபகம் இருந்தது: அது அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த பஸ். மூன்றாவதை அளக்காமல் கீழே வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் மட்டி தின்பதை விட்டாள். யாராவது கைகொடுத்து வாழ்த்தினால் கையை உடனே இழுத்துக்கொண்டாள். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டு, பொய் சொன்னேன் சாமி என்றாள். யாருக்கு நட்டம் என்று கேட்டார் சாமியார். யோசித்துப் பார்த்து, யாருக்கும் இல்லை சாமி, எல்லாருக்கும் லாபம் என்றாள். அடுத்த பாவத்தைச் சொல் என்றார் அவர்.

நட்டம் யாருக்கு என்பது அவளுக்கு ஒரு பஸ்ஸில்தான் தெரிந்தது.

கலியமூர்த்திக்கு ஒரு அக்கா உண்டு. பெயர் ராசகுமாரி. கதையில் வருகிற, ஏழு கடல் தாண்டி மாளிகையில் இருக்கிற ராசகுமாரி இல்லை. புருஷன் செத்தபின் தம்பி வீட்டுக்கு வந்து, கொல்லையில் ஆட்டுக்கொட்டகை ஓரமாகப் பாய் விரித்துப் படுத்து, மட்டி அள்ளிப் பிழைத்த ராசகுமாரி. தம்பி பெண்டாட்டி ஆடுகளுக்குத் தழை போடும்போது இவளுக்குச் சோறு வைப்பாள். சில நாள் தழை மட்டும் போடுவாள். மூணாம் திட்டு வந்ததும் ராசகுமாரி, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அங்கேயே இருந்துவிட்டாள். பாய் முதல் நாளே கரைந்துவிட்டது. வெறும் மணலில் படுத்தாள். மணல் எப்போதும் ஒரே சூடு, போர்வை வேண்டியிருக்கவில்லை. மழை அங்கே பெய்யாது, ஏனென்றால் மழையைப் பற்றி யாரும் எழுதவில்லை.

மற்றவர்கள் போனார்கள், அள்ளினார்கள், திரும்பினார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராசகுமாரி தங்கினாள். திட்டு சுத்தம் பார்க்கிற திட்டு இல்லையா? அது அவளையும் மெல்ல மெல்லத் துடைத்தது. முதலில் நிழல் விழாமல் போனது. வெயிலுக்கு நல்லதுதான் என்றாள். பிறகு, கூடையோடு சந்தைக்கு வந்தால் கூடை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ரேஷன் கடையில் வரிசையில் ஒரு ஆள் இடம் காலியாகத் தெரிந்தால், “ராசகுமாரிக்கா நிக்குது, முட்டாதீங்க” என்று பின்னால் இருப்பவர்கள் சொன்னார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் ஒரு இலையில் சோறு தானாகக் குறைந்தால் ரசம் ஊற்றினார்கள். தம்பி பெண்டாட்டி மட்டும், “முன்னாடி மட்டும் பளிச்சுனு தெரிஞ்சாளாக்கும்” என்றாள். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விண்ணரசி கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் ஒன்று, கீழே ஒரு மட்டிக்கூடையோடு, காலியாக இருந்தது. கூட்டம் நெருக்கியது, யாரும் அதில் உட்காரவில்லை. அவள் உட்காரப் போனாள்.

“மேல உக்காந்துடாத பாப்பா” என்றது சீட்.

கண்டக்டர் வந்தார். “யாரும்மா அது, ராசகுமாரியா? எங்க போவணும்?”

“சந்தைக்குத்தான். வேற எங்க, கலெக்டர் ஆபீசுக்கா?”

“கூடைக்கு டிக்கெட் போடட்டுமா ஆளுக்குப் போடட்டுமா?”

“ஆளுக்குப் போடு. கூடை இருக்குறதுதான் எல்லாருக்கும் தெரியுதே.”

பஸ்ஸே சிரித்தது. விண்ணரசி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் என்ன என்று கேட்டாள். அவள் திட்டின் கதையைச் சொல்லி, அங்கே தங்குகிறவள் ராசகுமாரி ஒருத்திதான், அதனால்தான் இப்படி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, குரலும் இப்போது குறைந்துகொண்டே வருகிறது, பொங்கல் வரை தாங்காது என்றாள். விண்ணரசியின் கண்முன்னால் அட்டவணையின் கடைசிக் கட்டம் வந்து நின்றது. அந்த வரிசையில் பொய்யில்லாதது என்று அவள் நினைத்த அந்த ஒரு சொல். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மிச்ச வழியை நடந்தே கடந்தாள்.

சபாநாயகத்தின் அறைக்குப் போனாள். “சார், பேப்பரை வாபஸ் வாங்கணும்.”

“எந்தப் பேப்பரை?”

“மூணாவது இடம் நான் செஞ்சது சார். போகவே இல்லை.”

சபாநாயகம் கதவைச் சாத்தினார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார். “விண்ணரசி, நீ உக்காரு. திட்டு இருக்கா இல்லையா?”

“இருக்கு சார்.”

“மட்டி இருக்கா?”

“இருக்கு.”

“அளவு ஒத்துப்போகுதா?”

“ஒத்துப்போகுது. அதான் சார் பயமா இருக்கு.”

“என்னம்மா பயம்? உலகத்துல எவ்வளவு பேர் எவ்வளவோ எழுதுறான். உலகம் காதுல போட்டுக்கிறதே இல்லை. நீ எழுதினது மட்டும்தான் அதுக்குக் கேட்டிருக்கு. சந்தோஷப்படுவியா!” பிறகு குரலை இறக்கினார். “இத வாபஸ் வாங்கினா, மத்ததையும் தோண்டுவாங்க. எம் பேரு எத்தனைல இருக்குன்னு எனக்கே தெரியாது. நான் ரிட்டயர் ஆகுற நேரம்மா.”

“அங்க ஒரு பொம்பளை கரைஞ்சிட்டிருக்காங்க சார்.”

“யாரு?”

“மட்டி அள்ளுறவங்க.”

அவர் நல்ல மனிதர்தான், யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. “அதுக்குப் பஞ்சாயத்து போர்டுல சொல்லலாமே” என்றார்.

விண்ணரசி ஆய்விதழுக்கு நேரே எழுதினாள். இப்படித் தானாக எழுதி ஒப்புக்கொள்கிறவர்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. மாட்டிக்கொண்ட பிறகு இல்லவே இல்லை என்று சாதிப்பவர்கள்தான் பழக்கம். ஆசிரியர் குழுவில் சென்னைக்காரர் ஒருவர் இருந்தார், ரங்கபாஷ்யம் என்று வயதான விஞ்ஞானி. அவரையே நேரில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவர் குடையோடும் தராசோடும் வந்து, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, விண்ணரசியோடு திட்டுக்கு நடந்தார். அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்தார். உப்பு சரி. சூடு சரி. மட்டியின் நீளம் கடைசி இலக்கம் வரை சரி. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“நாப்பது வருஷமா இந்த வேலை பாக்கிறேன்மா, இவ்வளவு சுத்தமா ஒத்துப்போற கட்டுரையை நான் பாத்ததில்லை.”

“நான் இங்க வரவே இல்லை சார். எழுதும்போது இந்த இடமே இல்லை.”

“வந்திருந்தா என்ன கிடைச்சிருக்குமோ அதுதானே இங்க இருக்கு?”

“வந்திருந்தா தண்ணிதான் சார் இருந்திருக்கும்.”

ரங்கபாஷ்யம் குடையை மணலில் ஊன்றி யோசித்தார். குடை ஊன்றிய குழி உடனே மூடியது. “பாரும்மா, எங்க ஒழுங்குமுறையில தப்பான தகவலை நீக்க வழி இருக்கு. சரியான தகவலை நீக்க வழி இல்லை. ஒரு எண்ணாவது தப்பா இருந்தாத்தானே நான் எழுத முடியும்?”

“ஐயா, செருப்பு” என்றது ஒரு குரல், மிக மெல்ல, காற்று காதோரம் பேசுகிற மாதிரி. “இங்க செருப்போட நிக்கக் கூடாது.”

அவர் திடுக்கிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். பிறகு அட்டவணையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. “இதோ இருக்கே! மனிதத் தலையீடு இல்லைன்னு போட்டிருக்கீங்க. இங்க ஒருத்தர் இருக்காங்க. இது ஒண்ணுதான் தப்பு. இதுக்குப் போய்க் கட்டுரையையே வாபஸ் வாங்குவாங்களா? ஒரு வரி திருத்தம் போதும். மட்டி அள்ளுபவர் ஒருவர்னு எழுதிக் குடுங்க. நான் அச்சுல போட்டுடறேன். உங்க வேலையும் நிக்கும், உங்க மனசும் ஆறும்.”

அவர் போன பிறகு விண்ணரசி திட்டிலேயே உட்கார்ந்தாள். ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதினால் ராசகுமாரி தெரிவாள், திட்டும் இருக்கும், ஊர் பிழைக்கும், வேலை நிற்கும், சபாநாயகம் சார் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். பேனா பையில்தான் இருந்தது.

“அக்கா, இருக்கீங்களா?”

“இருக்கேன். உன் வலது பக்கம்.”

விண்ணரசி வலது பக்கம் திரும்பி, வெறும் மணலைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். மழை, எஞ்சின், டிக்கெட், கடைசிக் கட்டம். இல்லை என்று எழுதியது தான்தான் என்பதையும்.

“அப்ப நான் இங்க இல்லைன்னு நீ எழுதுறதுக்கு முன்னாடி, பெரிய திட்டுல நான் உன் பக்கத்துலதான் அள்ளிட்டிருந்தேன். உனக்குக் கூடை எரவல் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?”

விண்ணரசிக்குக் கூடை ஞாபகம் இருந்தது. கொடுத்த கை ஞாபகம் இல்லை. அந்த அழகில், பெரிய திட்டுக்கு மிகுதி என்று எழுதியபோது அவள் யாரைத்தான் பார்த்து எழுதினாள்?

“இப்ப ஒருத்தர்னு எழுதினா நீங்க தெரிவீங்கக்கா.”

“எப்படி எழுதுவ?”

“எண்ணிக்கையா. ஒண்ணுன்னு.”

“பேரு?”

“பேர் எழுத அங்க இடம் கிடையாதுக்கா.”

“அந்தக் காகிதத்துல பேரே கிடையாதா?”

“இருக்கு. மேல. எங்க பேரு. என் பேரும் எங்க சார் பேரும்.”

“உங்க சாரு இங்க எப்ப வந்தாரு? நான் பாக்கலையே.”

விண்ணரசி மணலைக் கையால் அள்ளினாள். மணல் எப்போதும்போல ஒரே சூட்டில் இருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இங்கே எழுதியது மாறாது. மட்டி வளராது, சாகாது, அள்ளினால் அதே நீளத்தில் அதே இடத்தில் மறுநாள் கிடக்கும். ஒருவர் என்று எழுதினால் அந்த ஒருவர் எழுதிய நாளில் இருந்த மாதிரியே, அதே கூடையோடு, அதே குனிந்த முதுகோடு, வேறெங்கும் போக முடியாமல் இருந்துகொண்டே இருப்பாள். அதை மறைக்காமல் சொன்னாள்.

ராசகுமாரி சிரித்தாள். சிரிப்பு பாதியில் தேய்ந்துபோனது. “மட்டியாட்டமா?”

“ஆமாக்கா.”

“எழுதலைன்னா கரைஞ்சிடுவேன்.”

“ஆமா.”

“மொத்தத்தையும் கிழிச்சிட்டா?”

“நீங்க தெரிவீங்க. திட்டு போயிடும்.”

“திட்டு போனா நான் ஆட்டுக்கொட்டாய்க்குப் போவணும். இங்க வந்ததுலருந்துதான் பாப்பா நான் கால நீட்டிப் படுக்குறேன்.”

“என்னக்கா செய்யட்டும்?”

“என்னைக் கேக்காத.” குரல் இப்போது கிட்டே வந்தது, சூடாக, முகத்துக்கு நேராக. “பொய் எழுதும்போது என்னைக் கேட்டியா? இப்ப மட்டும் என்ன கேள்வி? நான் சொல்லி நீ செஞ்சதா ஆக்கிட்டு நீ நிம்மதியாப் போய்ப் படுத்துக்குவ. என் தலைல போடாத. நீ எழுதினது, நீ பாத்துக்க.”

விண்ணரசி அன்று சாயங்காலமே எழுதினாள். எண்கள் தப்பு என்று எழுதவில்லை. அந்த இடத்துக்கு நாங்கள் யாரும் போகவில்லை, எதையும் அளக்கவில்லை, அப்போது அப்படி ஓர் இடமே இல்லை, எண்கள் என் கைப்பையிலிருந்து வந்தவை என்று எழுதினாள். சபாநாயகம் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவருடைய கையெழுத்தைப் போடுவது அவளுக்குக் கைப்பழக்கம். துறையின் எல்லா மாணவர்களுக்கும் அது பழக்கம், சார் பிஸியாக இருப்பார். அவள் பேனாவை அந்த இடம் வரை கொண்டுபோய், எடுத்துவிட்டாள். இணை ஆசிரியர் உடன்படவில்லை என்று எழுதி, தன் பெயரை மட்டும் போட்டு அனுப்பினாள். ரங்கபாஷ்யம் போனில் கூப்பிட்டார். “திருத்தம்னா ஒரு வரிம்மா. இதுன்னா உங்க வேலையே போயிடும்.” தெரியும் சார் என்றாள். அவர் பெருமூச்சு விட்டு, வெள்ளிக்கிழமை காலை வெளியாகும் என்றார்.

வியாழக்கிழமை அவள் சோழிக்குப்பம் போய், வலை காயப்போடும் மணலில் நின்று, கூடியிருந்தவர்களிடம் சொன்னாள். திட்டு எப்படி வந்தது, ஏன் போகப்போகிறது. அவள் எதிர்பார்த்த வசவு வரவில்லை; வேறு வசவு வந்தது.

“பொய்யா இருந்தா என்ன? மட்டி வெந்துச்சில்ல?” என்றாள் வடக்குத் தெருக்காரி ஒருத்தி.

“பொய் சொன்னதுக்கு உன்னை யாராவது கேட்டமா மேடம்?” என்றார் கலியமூர்த்தி. “உனக்கு மனசு உறுத்துதுன்னா மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்து. எங்க சோத்துல ஏன் மண்ணள்ளிப் போடுற?”

“உங்க அக்கா கரையுறாங்க அண்ணே.”

“அவ எப்பவுமே ஒல்லிதான்” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அக்காவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அது வரவில்லை என்பதும் தெரிந்தது. ஆட்டுக்கொட்டகை வந்தது, பாய் வந்தது, முகம் வரவில்லை. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே திட்டுக்குப் போனது. வழியனுப்புகிற மாதிரி தாம்பாளத்தில் மஞ்சள் நீர் கொண்டுபோனார்கள், வெற்றிலையில் சூடம் வைத்துக் கொளுத்தினார்கள், உன்னால்தான் பிள்ளைகள் ஸ்கூல் ஷூ போட்டார்கள், போய் வா என்று ஒரு பெண் திட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விண்ணரசி பாதையின் நடுவில், முழங்கால் தண்ணீரில் தனியாக நின்றாள். யாரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கடல் தாண்டிய அந்த ஊரில் யாரோ ஒரு பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். முதலில் சூடு போனது. மணல் சட்டென்று சில்லிட்டது, பிள்ளைகள் காலைத் தூக்கினார்கள். பிறகு உப்பு போனது. பிறகு மட்டிகள், கூடைகளில் அள்ளி வைத்திருந்தவை உட்படப் போயின, கூடை லேசாகிப் பெண்களின் கை தானாக மேலே போனது. பிறகு கடைசிக் கட்டம் போனது. திட்டின் அந்தக் கோடியில், காலை வெயிலில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் நினைத்துவைத்திருந்ததைவிட வயதானவள். உயரமானவள் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திட்டு அமிழத் தொடங்கியது. ஜனங்கள் வரிசையாகப் பாதையில் இறங்கினார்கள், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறும் கூடைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு. விண்ணரசியைக் கடக்கும்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கலியமூர்த்தி மட்டும் கரையோரம் நின்று திரும்பி, “யக்கா!” என்று கூப்பிட்டார். “வீட்டுக்கு வாக்கா. உள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.” அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மற்றவர்களோடு மேடேறிப் போனார்.

தண்ணீர் விண்ணரசியின் இடுப்புக்கு வந்தது. ராசகுமாரி அவசரமில்லாமல், காலால் தரையைத் தடவித் தடவி, பாதை கரைந்துகொண்டிருக்கும்போதே நடந்து வந்தாள். கிட்டே வந்ததும் விண்ணரசி கையை நீட்டினாள். ராசகுமாரி அந்தக் கையைப் பார்த்தாள், ஏதோ சந்தையில் வாங்க மனமில்லாத மீனைப் பார்க்கிற மாதிரி; பிறகு அதைத் தாண்டி வந்து, சேலையைப் பிழிந்துகொண்டு கரையில் ஏறினாள். குப்பத்துக்குப் போகிற வழியில் திரும்பாமல், கடலோரமாகத் தெற்கே போகிற வழியில் திரும்பினாள். அந்தப் பக்கம் அவளுக்கு யாரும் இருப்பதாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

“அக்கா!” விண்ணரசி கூப்பிட்டாள். “எங்கக்கா போறீங்க?”

ராசகுமாரி நின்றாள். திரும்பி அவளைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

“அதையும் எழுதப் போறியா?” என்றாள்.

விண்ணரசி இல்லை என்று தலையாட்டினாள். ராசகுமாரி அதை நம்பினாளா என்று தெரியவில்லை. ஈரச் சேலையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் தெற்கே நடந்தாள்.